எண்ணெய் ஊசி

அந்தக் காய்ச்சலை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான்.

அந்தமானின் லாங் ஐலண்டில் மர ஆலை முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்த அறுபதுகளின் பிற்பகுதி அது. என் கணவர் ஆலையின் இழுவைப் படகை ஓட்டும் செராங். சுற்றுத் தீவுகளில் வெட்டிய மரங்களை ஓடை வழியாகக் கடல்வாய்க்குக் கொண்டுவந்து தெப்பமாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதைப் படகில் பிணைத்து இழுத்துவந்து ஆலைத் துறையில் சேர்ப்பது அவர் வேலை. நான் தீவின் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். இருவருக்கும் சொந்த ஊர் ராமநாதபுரத்துக் கடற்கரைதான். கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவர்கள்.

என் வகுப்பில் ராஞ்சிக்காரக் குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று படித்தது. தாயும் தகப்பனும் மரம் வெட்டும் முகாமில் இருந்தார்கள். குழந்தை, கூலி ஆட்களின் லைன் வீடுகளில் ஒரு உறவுக்காரியோடு தங்கியிருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் கன்னம் இரண்டும் உப்பிப்போய், காய்ச்சலோடு வகுப்பில் சுருண்டு கிடந்தது. உறவுக்காரிக்கும் உடம்பு சரியில்லை. முகாமுக்குப் போகும் படகு காற்றால் நின்றுபோயிருந்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பொன்னுக்கு வீங்கி என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போன நோய்தான். அவருக்கு வந்திருக்கிறதா என்று கேட்கவேண்டும் என எனக்குத் தோன்றவில்லை.

குழந்தை ஒரு வாரம் போல எங்களோடு இருந்தது. தட்டில் கஞ்சி வைத்தால் குடிக்காது. அவர் குடித்த கிண்ணத்திலிருந்து கொடுத்தால் குடிக்கும். அவருக்கு அதில் ஒரு பெருமை.

குழந்தை குணமாகிப் போன பிறகு அவருக்குக் கன்னம் வீங்கியது. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஊர் வழக்கப்படி என் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேனா என்று கேட்டார். முக வீக்கம் வடியும் நேரத்தில் காய்ச்சல் திடீரென்று ஏறியது. நடக்க முடியாமல் காலை அகட்டிப் படுத்துக்கொண்டார். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. கடைசியில் வலி தாங்காமல் போர்வையை விலக்கிக் காட்டினார். இரண்டு விரைகளும் சிவந்து வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து மாத்திரை கொடுத்தார். துணியைத் தாங்கலாகக் கட்டிக்கொண்டு படுத்திருக்கச் சொன்னார். சில நாட்களில் வடிந்துவிட்டது. அவர் படகுக்குத் திரும்பினார். நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

மாற்றம் மெல்ல வந்ததால் அதற்கொரு பெயர் வைக்க எங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று. தினமும் சவரம் செய்கிறவர் வாரம் ஒருமுறை கத்தியை எடுத்தாலே போதும் என்றானது. படகிலிருந்து வந்ததும் சாப்பிடாமல் தூங்கிவிடுவார். காற்றடிக்கும் நாளிலும் திடீரென்று உடம்பெல்லாம் வியர்க்கும். எப்போதும் வெற்று மார்போடு சுக்கானைப் பிடித்தவர், வெயிலிலும் சட்டையைக் கழற்றாமல் இருக்க ஆரம்பித்தார். துவைத்துப் போடும்போது நான் கேட்டேன், இத்தனை சட்டை எதற்கு என்று. கொடியில் இருந்த இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு நாள் குளித்துவிட்டு வரும்போது பார்த்தேன். மார்பு இரண்டு பக்கமும் மெத்தென்று எழும்பியிருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். அதன்பின் கதவைச் சாத்திக்கொண்டுதான் குளித்தார்.

என் பக்கம் அவர் திரும்புவதும் நின்றுபோயிருந்தது. முதலில் களைப்பு என்று நினைத்தேன். பிறகு என்மேல் ஏதோ வெறுப்பு என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று இந்தியிலும் தமிழிலும் கேட்பார்கள். அதற்குச் சிரித்துச் சமாளிக்கப் பழகியிருந்தேன். குழந்தை இல்லை என்பதைவிட, அவர் கை என்மேல் படவில்லை என்பதுதான் என்னை வாட்டியது. அதை யாரிடம் சொல்வது? ஒரு பெண் இதற்கெல்லாம் ஏங்கலாமா என்று என்னையே ஏசிக்கொள்வேன். அவர் உடம்புக்கு முடியாமல் இருக்கிறார், நான் இதை நினைக்கிறேனே என்று இன்னொரு ஏச்சு. அந்த இரண்டு வருடமும் மனசுக்குள் இந்தச் சண்டைதான்.

கம்பவுண்டரிடம் போனார். சத்து ஊசி போட்டார்கள். ஈரல் சாறு என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். பலனில்லை. அப்புறம் அவர் போர்ட் பிளேருக்கு அடிக்கடி போய்வர ஆரம்பித்தார். படகு எஞ்சினுக்குச் சாமான் வாங்க என்றார். நான் நம்பினேன்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் அவர் படகில் கயிறு பிடிக்கும் கலாசி வந்து நின்றார். தெலுங்கு ஆள், எங்கள் இருவரையும்விட மூத்தவர். செராங் படகில் மயங்கி விழுந்துவிட்டார் என்றார். தெப்பத்தை இழுத்துக்கொண்டு ஜலசந்தியைத் தாண்டும்போது சுக்கானைப் பிடித்தபடியே சரிந்திருக்கிறார். படகு திரும்பி, கயிறு அறுந்து, தெப்பம் கலைந்து, கர்ஜன் மரங்கள் நீரோட்டத்தில் சிதறிப் போய்விட்டன. யாருக்கும் அடிபடவில்லை. அதுமட்டும் தெய்வாதீனம்.

நான் ஓடினேன். துறையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். கலாசி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எஞ்சின் பெட்டிக்குள் இருந்து எடுத்த ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தார். "தீதி, யே தவாயி செராங் டெய்லி கா ரஹா ஹை" என்றார், இந்த மருந்தைத்தான் செராங் தினமும் தின்கிறார் என்று. கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு லேகியம். மணத்தில் தலை சுற்றியது. போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் லாட்ஜ் அறை எடுத்து ஆண்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவன் கொடுத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நெஞ்சு படபடப்பும் தலைச்சுற்றலும் அதனால்தான். அவன் கூடத் தின்றால் கூடப் பலன் என்று சொல்லியிருக்கிறான். இவரும் கூடக் கூடத் தின்றிருக்கிறார்.

ஆலை மேனேஜர் அவரைப் படகிலிருந்து இறக்கி மரக்கிடங்கில் போட்டார். கிடங்கு வேலை ஒன்றும் மோசமான வேலை இல்லை. ஆனால் அவர் தினமும் சாயங்காலம் துறையில் நின்று, வேறொருவன் அவர் படகைக் கட்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

பரீட்சைத் தாள்களைக் கொடுக்க நான் போர்ட் பிளேர் போகவேண்டி வந்தது. அவரிடம் அதைத்தான் சொன்னேன். கப்பலில் இருந்தபோதே ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். அவருக்குத் தெரியாமல் அவர் உடம்பைப் பற்றி ஒரு அந்நியரிடம் பேசப்போகிறேன் என்ற நினைப்பு கூடவே வந்தது. இரண்டு தடவை ஆஸ்பத்திரி மேடேறி, வாசல்வரை போய்த் திரும்பினேன்.

பெண்கள் பிரிவில் ஒரு வங்காளி டாக்டரம்மா இருந்தார். நான் வாயைத் திறக்குமுன்பே, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று இந்தியில் கேட்டுவிட்டு, குழந்தை இல்லை என்று வந்தவள் என நினைத்து மேஜையில் படுக்கச் சொன்னார். படுத்தேன். பரிசோதித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு சின்ன ஆபரேஷனில் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துவிடலாம் என்றார். அப்போதுதான் எனக்கு நாக்கு வந்தது. எனக்கு ஒன்றுமில்லை, என் புருஷனுக்குத்தான் உடம்பு சரியில்லை என்றேன். பாதி இந்தி, பாதி தமிழ், அதிலும் பாதி கண்ணீர். அவர் சட்டையைக் கழற்றுவதில்லை என்பதில் ஆரம்பித்து, சொல்லக் கூடாதவை என்று நான் நினைத்திருந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கையைக் கழுவிவிட்டு என்னைக் கையோடு அழைத்துப்போய் இன்னொரு அறையில் உட்கார வைத்தார்.

அந்த அறையில் இருந்த டாக்டர் மலையாளி. மெட்ராசில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். வயதானவர். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். என் கூச்சத்துக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். சவரம் எப்படி, தூக்கம் எப்படி, வியர்வை உண்டா, அடிபட்டதுண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா எப்பவாவது?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் கீழே வீங்கிச்சா? ரெண்டு பக்கமும்?"

தலையை ஆட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆளைப் பார்க்காம உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா இதுதான்னு நினைக்கிறேன். ஆம்பளைத் தன்மைக்குன்னு உடம்புல ஒரு சத்து ஊறும்மா. அது ஊறுற இடம் அந்தக் காய்ச்சல்ல வத்திப்போயிருக்கும். அவரை அழைச்சிட்டு வாங்க."

அந்த நோய் குழந்தைகளிடமிருந்து பெரியவர்களுக்கு ஒட்டுமா என்று கேட்டேன். ஒட்டும் என்றார். ஒரே கிண்ணத்தில் குடித்தால் ஒட்டுமா என்றேன். அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அந்த வருடம் லைன் வீடுகள் முழுக்க இந்த நோய் இருந்தது, கூலி ஆட்களோடு பழகுகிற மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. எனக்கு அது ஒட்டவில்லை. மேட்டை விட்டு இறங்கும்போது, அந்தக் குழந்தைக்கு அவர் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்த விதம்தான் கண்முன் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான்.

தீவுக்குத் திரும்பி அவரிடம் சொன்னேன். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போனேன் என்று. முதலில் எனக்குத்தான் ஏதோ என்று பயந்து எழுந்து வந்தார். உங்களுக்காகப் போனேன் என்றதும் அப்படியே நின்றார்.

"என்னைப் பத்தி வெளி ஆள்கிட்டச் சொன்னியா?"

"டாக்டர்கிட்டச் சொன்னேங்க."

"எல்லாத்தையுமா?"

எல்லாவற்றையும்தான் என்றேன். அவர் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தச் செய்கையை என்னால் மறக்க முடிந்ததில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அதற்குப் பிறகு பல நாட்கள் வீட்டில் பேச்சில்லை. சோற்றைப் போட்டு வைப்பேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. கிடங்குக்கு விடுமுறை, போகவும் இடமில்லை. தகரக் கூரையில் மழை இறங்கிய சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காத அளவு இரைச்சல். நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். கையில் மீனோடு, தலையைத் தூக்காமலே சொல்ல ஆரம்பித்தேன். பொன்னுக்கு வீங்கிதான் காரணம் என்று டாக்டர் சொன்னதை, அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான் என்பதை, உங்களுக்கு முன்பே வந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாத டீச்சர் நான் என்பதை. கேட்டாரோ இல்லையோ என்று நிமிர்ந்து பார்த்தேன். எதிரே வந்து குந்தி உட்கார்ந்திருந்தார்.

"காய்ச்சலாலயா?" என்றார். "காய்ச்சலாலதான்னு டாக்டர் சொன்னாரா?"

ஆமாம் என்றேன். பிறகு அந்த லாட்ஜ் ஆள் சொன்னதைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், வாலிபத்தில் செய்த தப்புகளால் நரம்பு தளர்ந்துபோயிற்று என்று அவன் சொன்னானாம். அவரிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேள்வி கேட்டு, எல்லாப் பையன்களும் செய்வதை இவரும் செய்தார் என்று ஒப்புக்கொள்ள வைத்து, அதனால்தான் பெண்டாட்டி வாழ்க்கை பாழாகிறது என்றானாம். அதை நம்பி இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறார்.

"நானே கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சேன். உன்னையும் சேத்துக் கெடுத்துட்டேன்னு."

நான் மீனைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். நான்தான் காரணம் என்று மறுபடி மறுபடி சொன்னேன். அவர் மீன் அரிவாள்மனையை என் முன்னாலிருந்து தள்ளி வைத்தார்.

"காச்சலோட கெடந்த புள்ளைய வேற எங்க விட்டிருப்ப? இத இத்தோட விடு. அடுத்த ஜஹாஜ் என்னைக்குன்னு துறையில கேட்டுட்டு வர்றேன்."

சேர்ந்து போனோம். டாக்டர் அவரை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். விந்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார். விரைகள் இரண்டும் சுருங்கிவிட்டன, இனி அவை வேலை செய்யாது என்றார். அந்தச் சத்தை வெளியிலிருந்து கொடுக்கலாம், எண்ணெயில் கலந்த ஊசி மருந்தாக வருகிறது, சதையில் போட்டால் மெதுவாக ஊறி உடம்பில் சேரும், ஆயுள் முழுக்கப் போட்டுக்கொள்ளவேண்டும். லேகியம், தங்க பஸ்பம், சத்து ஊசி எதுவும் இந்த நோய்க்கு மருந்தல்ல. இவ்வளவையும் சொல்லிவிட்டு டாக்டர் தண்ணீர் குடித்தார்.

"பலம் வரும். மனசு வரும். குடும்ப வாழ்க்கையும் வரும். குழந்தை மட்டும் வராது. மருந்தாலயும் வராது. இதை இப்பவே சொல்லிடணும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்லட்டும் என்று கேட்பதுபோல இருந்தது. எழுதுங்க டாக்டர் என்று நான்தான் சொன்னேன். கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னேன். பிறகு கப்பலில் வரும்போது, குழந்தை வராது என்று கேட்ட அந்த நொடியில் எனக்கு ஏன் துக்கம் முட்டவில்லை, ஏன் அவர் எனக்குத் திரும்பக் கிடைப்பார் என்பது மட்டுமே காதில் விழுந்தது என்று யோசித்து, என்னையே பார்த்துப் பயந்துபோனேன்.

எங்கள் தீவில் கம்பவுண்டர் கையால் ஊசி போட்டுக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. மறுநாளே குழாயடி வரை செய்தி போய்விடும். அதனால் டாக்டரே, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியிடம் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இரண்டு நாள் வார்டில் நின்று பழகினேன். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிநீரில் போட்டு எடுக்கவேண்டும். மருந்து தேன் மாதிரி மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். அது வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியை, ஆம்பியூலை, வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால்தான் ஊசியில் ஏறும். இடுப்புக்குக் கீழே, வெளிப்புற மேல் மூலையில், ஆழமாகக் குத்தி, சிரிஞ்சில் ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, மெதுவாகத் தள்ளவேண்டும். மருந்து கல்கத்தாவிலிருந்து கப்பலில் வரும். மாதம் ஒன்று.

முதல் ஊசியை வீட்டில் போட்டபோது இடத்தை விரலால் அளந்து அளந்து பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தெப்பத்துக்கு ஆணி அடிக்கிறாற்போல அடிச்சு விடு என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கையால் கெட்டது, இந்தக் கையாலேயே குத்தவும் வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

இரண்டாவது மாதம் அவர் கிடங்கிலிருந்து வந்து சாப்பிட்டபின் விழித்திருந்தார். அதுதான் நான் கண்ட முதல் அடையாளம். சும்மா உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் சவரக் கத்தி அடிக்கடி வெளியே வந்தது. வியர்வை நின்றது. மார்பு முழுவதும் வற்றவில்லை, ஆனால் ஒரு நாள் குளித்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் என்னிடமும் திரும்பி வந்தார். அதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். ஊசி போட்ட முதல் இரண்டு வாரம் நன்றாக இருப்பார். மாதக் கடைசியில் மறுபடி சோர்வு தட்டும், முகம் கொடுத்துப் பேசமாட்டார். அந்தக் கடைசி நாட்களை எனக்குப் பொறுக்க முடியவில்லை. பழைய இரண்டு வருடம் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம். கையிருப்பில் மருந்து இருந்தது. ஒருமுறை நாள் ஆகுமுன்பே போட்டுவிட்டேன். அவர் கேட்கவில்லை. அடுத்த முறை இன்னும் முன்கூட்டி. அவருக்குத் தூக்கம் கெட்டது. முகத்தில் பருக் கிளம்பியது. கிடங்கில் ஒரு கூலியாளின் சட்டையைப் பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் சாது. யாரையும் கைநீட்டித் தொடாதவர். வீட்டுக்கு வந்து, எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த கப்பலில் போய் டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

"மருந்து அவருக்கா, உங்களுக்கா?"

வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரலைத் தணித்து, உடம்பு கேட்கிற அளவு ஒன்று உண்டு, அதற்குமேல் போனால் ரத்தம் கெட்டியாகும், நிதானம் போகும் என்றார். பிறகு அளவைக் குறைத்து, நாளை நெருக்கி, மூன்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அந்த மாற்றத்துக்குப் பின்னால்தான் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக இருந்தார். வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மேனேஜர் படகையும் திரும்பக் கொடுத்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு துறைக்குப் போனேன். ஓடையிலிருந்து தெப்பத்தை இழுத்துக்கொண்டு வந்தார். சட்டை போடவில்லை.

மெயின்லேண்டில் சொந்த ஊருக்கு லீவில் போனது அதற்கு அடுத்த வருடம். வெகுகாலத்துக்குப் பின் வந்திருக்கிறோம் என்று அவர் அக்கா வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அவர் அக்கா பேச்சை ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகிவிட்டது, வம்சம் வேண்டாமா, தீவில் நல்ல உத்தியோகம் இருக்கிறது, இன்னொரு பெண்ணைப் பார்த்தால் என்ன, இவளையும் தள்ளிவிடச் சொல்லவில்லை என்று என் முன்னாலேயே சொன்னார். கொடுமைக்காரி இல்லை அவர். எனக்குத் தலை பின்னிவிட்ட கைதான். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

என் கணவர் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"கொறை எங்கிட்டக்கா. அவகிட்ட ஒண்ணுமில்ல. டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. ஊசி போட்டுக்கிட்டுத்தான் நடமாடுறேன். எத்தனை பொண்ணக் கட்டி வச்சாலும் இதேதான்."

அண்ணன் தம்பி, மச்சான், சின்ன வயசுப் பெண்கள், எல்லோரும் இருந்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெளியே போன மனிதர், இத்தனை பேர் முன்னால் இதைச் சொன்னார். நான் அப்போது பேசியிருக்கவேண்டும். குறை அவருடையதல்ல, காய்ச்சலுடையது, அந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்தவள் நான் என்று சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. நான் அந்த அசைவைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றதால்தான் இருந்தேனா, எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்ததா என்பது எனக்கே தெரியாது.

அதன்பிறகு அந்த வீட்டில் என் மதிப்பு ஏறிவிட்டது. பொறுமைசாலி, இப்படிப்பட்டவனோடு வாழ்கிறாளே என்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள். மச்சான்மார்கள் அவரோடு கடலுக்குப் போகக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் தனியாகக் கரையில் நடந்துவிட்டு வந்தார். நான் ஊசி போடும் நாளில் அக்கா தானாகவே அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கதவுக்கு வெளியே நின்று, பாவம்டி நீ என்றார்.

கப்பலுக்குக் கிளம்பும் அன்று அக்கா எனக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்து வந்தார். மகளுக்கென்று வாங்கி வைத்திருந்தது, நீ கட்டிக்கொள் என்றார். நான் வேண்டாம் என்றேன். நீ எங்க வீட்டுக்குச் செய்யிறதுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல என்று என் பெட்டியைத் திறந்து, மருந்துப் பொட்டலத்துக்கு மேலே அவரே மடித்து வைத்தார். என் கணவர் வாசலில் வண்டிக்காரனோடு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் குனிந்து அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியை மூடினேன்.